ஹெந்தளையில் மறைந்த பெயர்கள்

கொழும்பு நகரை விட்டுக் களனி கங்கையைக் கடந்து வடக்கே வத்தளை மார்க்கமாகச் செல்வோர்க்கு ஹெந்தளை என்னும் ஊர் எதிர்ப்படும். ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டில் குஷ்டரோகிகளுக்கென ஒரு வைத்தியசாலையை அங்கே அமைத்தனர். தம் முன்னோரைத் தேடப் புகுவோர் இவ்வூரை நினைப்பதில்லை. நினைத்தல் வேண்டும் என்பதே நான் கூற விழைவது.

குடிவழி ஆராய்வோர் பெரும்பாலும் பெருமைக்குரிய ஒருவரையே தேடுகின்றனர். அத்தகையோர் அகப்படுதலும் எளிது. ஒண்டாச்சி குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1659இல் கொழும்பிலிருந்த ஒல்லாந்த தேசாதிபதியின் மனைவியாருக்கு நோய் தீர்க்கத் தஞ்சாவூரிலிருந்து வரவழைக்கப்பட்ட வைத்தியரே தம் முதல்வர் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகப் பேணிவந்த செய்தி. அவ்வழித் தோன்றிய வில்லெம் யூரியான் ஒண்டாச்சி கொழும்பில் கிறிஸ்தவ போதகராக விளங்கினார். அவர் மைந்தர் குவின்ட் ஒண்டாச்சியோ 1758இல் இங்கே பிறந்து, ஒல்லாந்து சென்று கல்வி கற்று, ஊட்ரெக்ட் நகரில் தேசபக்தர் இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவராகி, இறுதியில் 1818இல் பத்தாவியாவில் உயிர் நீத்தார். நாம் 'ச்சி' என ஒலிப்பதை ஒல்லாந்தர் தம் எழுத்தில் எழுதிய விதமே, நம் காலத்து நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சியின் ஆங்கிலக் கையொப்பத்திலும் நிற்கிறது. ஒரு குடும்பத்தின் மிகப் பழைய ஆவணம் சிலவேளை அதன் பெயரேயாகும்.

புகழில்லாத குடியானவரும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஒல்லாந்தக் கம்பனியார் வரியும் ஊழியமும் பெறும்பொருட்டுத் தோம்புகளை எழுதினர். தலைத்தோம்பில் குடும்பத்தினரும், காணித்தோம்பில் நிலமும் தோட்டமும் இடம்பெற்றன. பாடசாலைத் தோம்புகளில் ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பெற்றன. அவற்றுட் பல இன்றும் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. இவற்றை எழுதுவித்தது அன்பன்று, வருவாய் வேட்கை; எனினும் நமக்குக் கிடைத்த பயன் பெரிது.

ஆனால் அரசாங்கம் எழுதிவைத்த பெயரையும் வீட்டார் அழித்துவிடக் கூடும். குஷ்டம் பரம்பரை நோய் என்று கற்றோரே நம்பிய காலம் ஒன்றிருந்தது. லண்டன் மாநகரத்து அரச வைத்தியக் கல்லூரி 1867இல் வெளியிட்ட அறிக்கையும் அவ்வாறே கூறிற்று. நோர்வே தேசத்து ஹான்சன் என்பார் 1873இல் இந்நோய்க்குரிய கிருமியைக் கண்டார். பரம்பரைப் பழி அத்துடன் ஒழிந்திருக்க வேண்டும், ஒழியவில்லை. தொற்று என்னும் அச்சமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. இலங்கையில் 1901ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்துவைக்க இடமளித்தது. வீட்டில் ஒருவருக்கு இந்நோய் என்று தெரிந்தால் அவ்வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைவதே அரிதாகும் நிலையில், அவர் பெயரைச் சொல்லாது விடுதலே குடும்பத்தைக் காக்கும் வழி எனப் பலர் கருதியிருப்பர். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் பேரர் காலத்தில் அம்மௌனமே வரலாறாகிவிடுகிறது.

பல மருந்துகளைச் சேர்த்து அளிக்கும் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1982இல் விதந்துரைத்த பின்னர், இந்நோய் சில மாதங்களில், அல்லது ஓரிரு ஆண்டுகளில், முற்றாகக் குணமாவதாயிற்று. இனி மறைக்க வேண்டிய காரணமில்லை.

ஆதலின் வமிசாவளி எழுதுவோர் ஒன்று செய்யலாம். கோயிற்பற்றின் ஞானஸ்நானப் பதிவில் புதல்வர் மூவர் இருப்பர். நொத்தாரிசு எழுதிய பாகப்பிரிவினை உறுதியில் இருவரே கையொப்பமிட்டிருப்பர். மூன்றாமவர்க்கு மரணப் பதிவு உண்டா, கடல் கடந்து சென்றாரா என்று முதலில் பார்த்தல் வேண்டும். அங்கெல்லாம் அவர் அகப்படாவிடின், களனி கங்கைக்கு அப்பால் ஹெந்தளையிலும் அவரைத் தேடுங்கள்.