டார்தர்வால்டின் ஜன்னலும் அனிவாவின் ஆர்மோனியமும்

மிஷனரி ஜான் பேட்டனின் சரித்திரத்தைப் படித்தவர்களுக்குத் தான்னாத் தீவின் ஆபத்துகளும் அனிவாவில் வெட்டிய கிணறும் நினைவில் நிற்கும். இங்கே ஒப்பிட எடுத்துக்கொள்வது அவற்றைவிட அமைதியான இரண்டு: அவர் வளர்ந்த வீட்டின் குடும்ப ஜெபமும், கடல்கடந்து அவர் அமைத்த வீட்டின் குடும்ப ஜெபமும்.

முதல் வீடு ஸ்காட்லாந்தில், டம்ஃப்ரீஸ் நகருக்கு அருகே டார்தர்வால்டு கிராமத்தில் இருந்தது. கூரை வேய்ந்த சிறு வீடு. ஒரு கோடியில் குடும்பம் புழங்கும் அறை, மறுகோடியில் காலுறை பின்னும் ஐந்தாறு தறிகள். நடுவே ஒரு கட்டிலும் சிறு மேசையும் நாற்காலியும் மட்டுமே கொள்ளும் ஒடுக்கமான அறை. அதில் தந்தை ஜேம்ஸ் நாளுக்கு மூன்று முறை தனியே ஜெபித்தார். காலையும் மாலையும் பதினொரு பிள்ளைகளைக் கூட்டி வேதம் வாசித்தார், சங்கீதம் பாடினார், ஜெபித்தார். சந்தைக்குப் போகும் அவசரம்கூட அந்த வேளையைத் தள்ளிவைத்ததில்லை. இரண்டாம் வீடு, இன்று வனுவாட்டு எனப்படும் தீவுக்கூட்டத்தில், அனிவா என்ற சிறு பவளத்தீவில். 1866இல் ஜானும் மனைவி மார்கரெட்டும் அங்கே குடியேறினார்கள்.

இசை என்று பார்த்தால் இரண்டும் வெகுதூரம். ஜேம்ஸ் சேர்ந்திருந்த சீர்திருத்த பிரஸ்பிட்டேரியன் சபையில் அந்நாளில் தாவீதின் சங்கீதங்களுக்கு மட்டுமே இடம், வாத்தியம் கூடாது. மனிதக் குரல் ஒன்றே போதும் என்பது அவர்கள் கொள்கை. அந்தப் பாடல்களுக்குத் தமிழ் வேதாகமம் 'சங்கீதம்' என்றே பெயர் வைத்திருப்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அனிவாவிலோ மார்கரெட் ஆர்மோனியம் வாசித்தார், ஞானப்பாட்டுகள் பாடினார், தீவின் மொழியிலேயே பாடக் கற்றுக்கொடுத்தார். டார்தர்வால்டில் தகப்பன் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அனிவாவில் பாட்டை நடத்தியது ஒரு பெண்ணின் கை. தந்தையின் சபைக் கண்ணோடு பார்த்தால் மகன் வீடு வழி விலகிய வீடு. எனக்கு அது விலகலாகத் தோன்றவில்லை. பரம்பரை உயிரோடு இருந்ததற்கு அடையாளமாகவே தோன்றுகிறது.

இனி எதிர்பாராத ஒற்றுமைக்கு வருவோம். மார்கரெட்டிடம் ஏறக்குறைய ஐம்பது பெண்களும் சிறுமிகளும் கற்றார்கள். தையல், பாட்டு, தொப்பி பின்னுதல், வாசிப்பு எல்லாம் ஒரே வகுப்பில். டார்தர்வால்டில் தறிகள் இருந்த அதே வீட்டில் சங்கீதம். அனிவாவில் ஊசியோடும் ஓலையோடும் ஞானப்பாட்டு. இரண்டு இடத்திலும் பாட்டு, கை வேலை செய்யும் வீட்டுக்குள் வளர்ந்தது.

இன்னொன்று இதைவிட ஆழமானது. டார்தர்வால்டில் ஊரிலேயே கெட்டவள் எனப்பட்ட ஒரு பெண் இருந்தாள். குளிர்கால இருட்டில் ஜேம்ஸின் ஜன்னலுக்குக் கீழே ஒட்டி நின்று, உள்ளே நடக்கும் குடும்ப ஜெபத்தைக் கேட்பாளாம். தன்னை மாய்த்துக்கொள்ளாமல் காத்தது அதுதான் என்று பின்னாளில் அவளே சொன்னதைப் பேட்டன் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். உள்ளே எழுந்த குரல் அவள் கேட்பாள் என்று எழுந்ததல்ல. அனிவாவின் ஆர்மோனியம், மாறாக, கேட்பவர்களை எதிர்பார்த்தே ஒலித்தது. ஒன்று வீட்டுக்குள் பாடி வெளியே போய்ச் சேர்ந்தது. மற்றது வெளியே இருப்பவர்களை வீட்டுக்குள் அழைத்தது. சில ஆண்டுகளில் அனிவாவில் எந்த வீட்டில் குடும்ப ஜெபம் இல்லையோ அது கிறிஸ்தவ வீடு அல்ல என்று தீவு மக்களே அடையாளம் கண்டார்கள். காலுறை பின்னியவரின் வீட்டு வழக்கம் ஒரு தீவின் வழக்கமாகிவிட்டது. பயணம் போனது ராகம் அல்ல, ஜெப வேளை.

தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். தீவுகளுக்குத் தங்களுக்கென்று பாட்டும் ஆட்டமும் இருந்தன. பக்கத்துத் தான்னாவில் பிரஸ்பிட்டேரியன் மிஷன் பிற்பாடு கவா பானத்தையும் நடனத்தையும் ஒடுக்கியது. டார்தர்வால்டில் சங்கீதம் ஒலிக்க வேறெந்தப் பாட்டும் வாய்மூட வேண்டியிருக்கவில்லை. தீவுகளில் அப்படிச் சொல்ல முடியாது. ஜேம்ஸின் வீட்டைவிட மகனின் வீடு கேட்ட விலை அதிகம். அந்த விலையில் பெரும்பகுதியைக் கொடுத்தவர்கள் தீவு மக்கள்.

ஜேம்ஸ் 77ஆம் வயதில், 1868இல் காலமானார். கடைசி நாளிலும் குடும்பம் பாடிய சங்கீதத்தோடு மெல்லிய குரலில் சேர்ந்துகொண்டாராம். அனிவாவில் முதல் நற்கருணை ஆராதனை 1869 அக்டோபர் 24 அன்று நடந்தது. அந்தச் செய்தி கிடைக்க அவர் இருக்கவில்லை.