மைதானத்தில் பிறந்த வேதனை

மூச்சிரைப்புக்கு இழுக்கிற நீல இன்ஹேலரின் டப்பாவுக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் இருக்கும். யாரும் படிப்பதில்லை. ஒருநாள் பொழுது போகாமல் விரித்தேன். உள்ளே இருக்கும் சால்பூட்டமால் ஒரு 'பீட்டா-2 அகனிஸ்ட்' என்றது தாள். எனக்குத் திக்கென்றது. ஆங்கிலத்தில் 'அகனி' என்றால் தாங்கமுடியாத வேதனை என்றுதானே பள்ளியில் படித்தோம்? மூச்சைக் கொடுக்கிற மருந்துக்கு இப்படியா பெயர் வைப்பார்கள்?

உண்மையில், அந்தச் சொல்லின் பிறந்த வீட்டில் வேதனையே கிடையாது. பழைய கிரேக்கத்தில் 'அகோன்' என்றால் முதலில் ஜனக்கூட்டம். பிறகு, கூட்டம் கூடிப் பார்க்கிற போட்டி. ஒலிம்பியாவின் மல்யுத்தமும் தேரோட்டமும் அகோன்தான். ஏதென்ஸில் நாடகங்களும் போட்டியாகவே அரங்கேறின என்பதால் முதல் நடிகருக்கு வந்த பெயரில் அகோன் ஒட்டிக்கொண்டது. நம் சினிமா விமர்சகர்களுக்குப் பிடித்தமான புரோட்டகனிஸ்ட் அவர்தான். மருந்துத் தாளில் பார்த்த சொல்லும் இதே குடும்பம்தான்: செல்லில் உள்ள ஏற்பியைத் தட்டி வேலைவாங்கும் மருந்துக்கு அகனிஸ்ட் என்று பெயர். வேலை செய்யவிடாமல் மறிக்கும் மருந்து ஆன்டகனிஸ்ட். வீரனும் எதிராளியும்!

களத்தில் இறங்கியவன் படுகிற பாடு, பதைப்பு, அதுதான் 'அகோனியா'. புதிய ஏற்பாட்டில் இச்சொல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது: லூக்கா 22:44. கெத்செமனே தோட்டத்தில், வியர்வை இரத்தத்துளிகள் போல் விழ, இயேசு ஜெபிக்கும் இரவு. கவனியுங்கள், சிலுவையும் ஆணியும் இன்னும் வரவில்லை. அது முழுக்க மனசுக்குள் நடக்கும் மல்யுத்தம். பழைய தமிழ் பைபிள் அங்கே 'வியாகுலம்' என்ற சொல்லைப் போட்டது. நல்ல தேர்வு என்பேன்.

லத்தீன், பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அது மனவேதனைதான். உடல்வலியைக் குறிக்க 1600 வாக்கில்தான் தொடங்கியது. அப்புறம் சரிவுதான். 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் பத்திரிகைகளில் தொலைந்த உறவுகளையும் பிரிந்த காதலர்களையும் தேடும் சிறுவிளம்பரப் பத்திக்கு 'அகனி காலம்' (agony column) என்று பெயர். ஷெர்லாக் ஹோம்ஸ் அதன் தீவிர வாசகர். இன்று பல்வலிக்கும் அகனி, செருப்புக் கடித்தாலும் அகனி.

பிரெஞ்சுக்காரர்கள் இவ்வளவு தாராளம் இல்லை. அங்கே 'அகோனி' என்றால் உயிர் பிரியும் தறுவாய். டாக்டர் அப்படிச் சொல்லிவிட்டால் ஊருக்குத் தகவல் அனுப்ப வேண்டியதுதான். நாமும் அந்த நிலையில் இருப்பவரை 'உயிருக்குப் போராடுகிறார்' என்கிறோம். கிரேக்கம் தெரியாமலே கிரேக்கப் பொருளைப் பிடித்துவிட்டோம். அகராதிக்காரர்கள் அகனிக்கு எதிரே 'கடும் வேதனை' என்பதோடு நிறுத்தாமல் 'போராட்டம்' என்றும் சேர்க்கலாம்.

ரோமில் பியாட்சா நவோனா என்ற நீள்வட்டச் சதுக்கம் இருக்கிறது. முதல் நூற்றாண்டில் பேரரசர் டொமீஷியன் கட்டிய ஓட்டப்பந்தய மைதானத்தின் மேல் எழுந்தது. 'இன் அகோனே' என்பதே மருவி நவோனா ஆனதாம். இத்தாலிய மொழியில் 'அகோனியா' மரண அவஸ்தை. 'அகோனிஸ்டிகா' போட்டி விளையாட்டு. அந்த நாட்டில் போட்டிகளில் ஆட விரும்பும் பிள்ளைகள், அகோனிஸ்டிகாவுக்கு உடல் தாங்கும் என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிவர வேண்டும்.