கோல் அடிக்காத முன்கள வீரரைக் கழகத்துக்கு எடுக்கலாமா?

மூதூர்ப் பக்கம் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நெருங்கினால் கழகங்களுக்குள் ஒரு வாக்குவாதம் தவறாமல் எழும். வெளியூரிலிருந்து ஒரு முன்கள வீரரை எடுப்பதா? எடுப்பதென்றால் யாரை? கோல் கணக்கு உள்ளவருக்குக் காசு கூட. காசு குறைவானவர் ஒருவரும் இருப்பார். முட்டி மோதுவார், மூச்சுவிடாமல் ஓடுவார், ஆனால் ஒரு பருவத்தில் இரண்டு மூன்று கோல் அடித்தாலே பெரிய விசயம். "கோல் அடிக்காதவன் என்ன ஃபோர்வர்ட்?" என்று யாராவது கேட்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அந்தக் கேள்விக்கு 2018 உலகக் கிண்ணத்தில் பதில் இருக்கிறது. பிரான்சின் நடு முன்கள வீரர் ஒலிவியே ஜிரூ ஏழு போட்டிகளிலும் களத்தில் இருந்தார். மொத்தம் 546 நிமிடங்கள். ஒரு கோல் இல்லை. கம்பங்களுக்குள் சென்ற ஓர் உதைகூட இல்லை. கிண்ணம் பிரான்சுக்கு! அவர் எதிரணியின் இரண்டு பின்கள வீரர்களைத் தன்னோடு கட்டிவைத்திருக்க, பக்கத்தில் ஓடிய கிரீஸ்மனும் எம்பாப்பேயும் ஆளுக்கு நான்கு கோல் அடித்தார்கள். இதே ஜிரூ பின்னர் தியரி ஹென்றியைத் தாண்டி, 57 கோல்களுடன் பிரான்சின் அதிக கோல் அடித்தவரானார். அந்தத் தொடரில் அவருக்குக் கொடுத்த வேலை வேறு, அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் எமில் ஹெஸ்கி இன்னும் பொருத்தமான உதாரணம். நாட்டுக்காக 62 போட்டிகள், 7 கோல். ஆனாலும் 2000ஆம் ஆண்டில் லிவர்பூல் 1 கோடியே 10 இலட்சம் பவுண் கொடுத்து அவரை வாங்கியது. 2001 செப்டெம்பரில் மியூனிக்கில் ஜேர்மனியை இங்கிலாந்து 5-1 என வென்ற இரவில் மைக்கல் ஓவன் மூன்று கோல் அடித்தார். அதில் ஒன்று ஹெஸ்கி தலையால் இறக்கிக் கொடுத்த பந்து. ஓவனின் பெயர்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

நம்முடைய கழகங்களின் பதிவுகளிலும் இதே சிக்கல்தான். கோல் அடித்தவர் பெயரை எழுதுவார்கள், மற்றதை யாரும் எழுதுவதில்லை. ஆகவே அப்படியொருவரை எடுக்க நினைத்தால், இரண்டு போட்டிகளுக்குக் கொப்பியோடு போய் உட்காருங்கள் என்பதே என் யோசனை. பின்னாலிருந்து தூக்கி அடித்த பந்துகளில் எத்தனையை நிறுத்தித் தன் ஆளுக்குக் கொடுத்தார்? எதிரணிப் பின்களத்தைத் துரத்தி எத்தனை பந்து பறித்தார்? நல்ல இடங்களில் எத்தனை தவறுதல் உதை வாங்கித் தந்தார்? கடைசிப் பத்து நிமிடங்களிலும் ஓடினாரா? மணலும் மேடுபள்ளமுமான மைதானத்தில் அழகான குறும்பாஸ் எடுபடாது. உயரப் பந்தும் அதன் இரண்டாவது துள்ளலும்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கும், அங்கே இவர் மதிப்பு இரட்டிப்பாகும். மஞ்சள் அட்டைகளையும் எண்ணுங்கள். மோதுகிறவருக்கும் வாயாடுகிறவருக்கும் வித்தியாசம் உண்டு.

உங்கள் அணியில் வேறு யாரும் கோல் அடிப்பதில்லை என்றால் இவரை எடுப்பது வீண். கிரீஸ்மன் இல்லாத ஜிரூ வெறும் உயரமான மனிதர்.

சம்பூர்ப் பக்கத்துக்கு இந்தக் கேள்வி வெறும் ஆட்டக் கணக்கு அல்ல. 2006இல் இடம்பெயர்ந்தவர்கள் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். முதலீட்டு வலயத்துக்கென எடுத்த 818 ஏக்கர் 2015இலும், கடற்படை முகாம் இருந்த நிலம் 2016 மார்ச்சிலும்தான் விடுபட்டன. கொட்டில்களுக்கு இடையில் பந்து உதைத்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல். சொந்த மண்ணில் சொந்த ஊர்ப் பெயரை முதுகில் போட்டு ஆட அவர்களுக்குக் கிடைத்திருக்கும் காலம் கொஞ்சம். வெளியூரிலிருந்து வருகிறவர் அவர்களில் ஒருவரை வாங்கில் உட்காரவைப்பாரா, அல்லது அவருக்குக் கோல் அடிக்க வழி திறந்துவிடுவாரா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். இரண்டாவது என்றால் கோல் கணக்கைப் பார்க்காமல் எடுக்கலாம். கோல் அடிக்கும் வெளியூர் நட்சத்திரத்தைவிட இவர் உள்ளூர்ப் பையனுக்கு நல்லவர் என்பது என் அபிப்பிராயம். நட்சத்திரம் பந்தைத் தனக்குக் கேட்பார், இவர் கொடுப்பார்.

பணம் பேசுவதற்கு முன் இரண்டு விடயங்களை எழுத்தில் வையுங்கள். ஒன்று பதிவு. ஃபீஃபா விதிப்படி ஒரு வீரர் ஒரு பருவத்தில் மூன்று கழகங்கள் வரை பதியலாம், ஆனால் பொதுவாக இரண்டுக்கு மட்டுமே உத்தியோகபூர்வப் போட்டிகளில் ஆடலாம். லீக் போட்டி என்றால் பழைய கழகத்தின் விடுவிப்புக் கடிதத்தை உங்கள் லீக்கில் முதலே காட்டிக் கேளுங்கள், இறுதிப் போட்டிக்கு முதல் நாள் முறைப்பாடு வந்தால் வென்ற ஆட்டமும் கையைவிட்டுப் போகும். மற்றது காயம். இந்த வகை வீரர்தான் அதிகம் விழுவார், அதிகம் அடிபடுவார். அவர் பெரும்பாலும் கடலுக்கோ மேசன் வேலைக்கோ போகிறவர். முழங்கால் போனால் வைத்தியச் செலவும், வேலைக்குப் போகமுடியாத நாட்களின் கூலியும் யார் பொறுப்பு என்பதைப் பந்து உருளுவதற்கு முன்பே செயலாளரும் அவரும் கையெழுத்திட்டுக்கொள்ளட்டும்.