வளவும் கூப்பனும்

சிக்கனமாக வாங்குக, வளவிற் பயிரிடுக, நாளைக்கென வீட்டிற் சேர்த்து வைக்குக என்னும் போதனை நமது நாட்டுக்குப் புதிதன்று. 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியின் வரவு நின்றது. கூப்பன் முறை வந்தது. சங்கக் கடைகள் பெருகின. வளவுகளில் மரவள்ளியும் வற்றாளையும் வேரூன்றின.

உலகச் சந்தையில் தானிய விலை ஏறிய 1973, 1974ஆம் ஆண்டுகளிற் பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டபோது அதே போதனை மீண்டும் ஒலித்தது. ஆனால், அதனைக் கேட்டோர் எல்லோரும் ஒரே நிலையில் இருக்கவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைக்க, யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பலர் தலைநிமிர்ந்தனர். மலையகத் தொழிலாளரோ நாட்கூலியை நம்பி லயங்களில் வாழ்ந்தவர்கள். குடியிருந்த காம்பராவும் காலடி மண்ணும் அவர்களுக்குச் சொந்தமல்ல. தேயிலையால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த அம்மக்களிடையேதான் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன.

சிக்கனத்தை நாம் இகழவில்லை. ஆயினும், சேர்த்து வைக்கப் போதிய கூலி வேண்டும்; விதைக்க நிலம் வேண்டும். அவ்விரண்டையும் மறுத்துவிட்டுச் சிக்கனத்தை மட்டும் போதிப்பது, பசியின் பழியைப் பசித்தவர் மீதே சுமத்துவதாகும்.