மிலான் – சான் ரெமோ: ஒரு நெடுவழிப் போட்டியின் வரலாறு

மலையின் உயரத்தை அளப்பதற்கு இருவேறு அளவைகள் உண்டு. ஒன்று நில அளவையாளரின் கோல். மற்றையது வழி வந்து களைத்தவனின் கால். வட இத்தாலியிலே சான் ரெமோ என்னும் கடற்கரைப் பட்டினத்தை அடுத்துப் போஜ்ஜோ என்றொரு குன்று இருக்கிறது. கோலால் அளப்போர்க்கு அது கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 160 மீற்றர் உயர்ந்த சிறு மேடு. அதன்மேல் ஏறிச் செல்லும் வீதியின் நீளமும் 4 கிலோமீற்றரை எட்டாது. ஆயினும், உலகின் தலைசிறந்த சைக்கிள் வீரர் பலர் தோல்வி கண்ட இடம் இம்மேடேயாகும். இதன் அடிவாரத்தை அவர்கள் அடையும்போது ஏறத்தாழ 280 கிலோமீற்றர் தூரம் அவர்களுக்குப் பின்னே கிடக்கும். குன்று சிறிது, அதற்கு முன்னுள்ள வழியே பெரிது. மிலான் – சான் ரெமோ ஓட்டத்தின் வரலாறு முழுவதும் இவ்வுண்மையின் விரிவுரை எனலாம்.

இவ்வோட்டம் நடைபெறும் காலம் மார்ச்சு மாதம். அப்பொழுது மிலான் நகரைச் சூழ்ந்த சமவெளியிலே பனிக்காலம் முற்றாக நீங்கியிருப்பதில்லை. வீரர்கள் பாவியா நகரைத் தாண்டிப் போ என்னும் பேராற்றைக் கடந்து, தொர்த்தோனா, நோவி லிகூரே, ஒவாதா ஆகிய ஊர்களின் வழியாகத் தெற்கு நோக்கிச் செல்வர். அதன்பின் நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து 532 மீற்றர் உயரமுள்ள துர்க்கீனோ கணவாயில் முடியும். கணவாயின் உச்சியிலுள்ள சிறு சுரங்கவழியினுள் நுழைந்து மறுபுறம் வெளிப்பட்டதும் காற்று மாறும், ஒளி மாறும், கீழே கடல் தோன்றும். அங்கிருந்து ஔரேலியா என்னும் கடற்கரை வீதி மேற்கு நோக்கிச் செல்கிறது. மலைகள் கடலுக்குள் நீட்டிய விரல்களைப் போல முனைகள் பல குறுக்கிடுவதால், வீதி ஏறுவதும் இறங்குவதுமாகவே அமைந்துள்ளது. மேலே, செர்வோ, பெர்த்தா என்னும் மூன்று முனைகள் இவற்றுட் பேர் பெற்றவை. மாரியிற் புறப்பட்டு வேனிலை அடைவதுபோன்ற இப்பயணத்துக்கு இத்தாலிய மக்கள் 'வசந்தம்' என்றே பெயரிட்டனர்.

போட்டி தோன்றிய வரலாறும் சுவையானது. 1906ஆம் ஆண்டில் மிலானுக்கும் சான் ரெமோவுக்கும் இடையே ஒரு மோட்டார் வண்டிப் பந்தயம் நடத்தப்பட்டது. அது எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. அதே ஆண்டில் தொழில்முறை சாராத சைக்கிள் வீரர்களுக்கெனவும் ஒரு போட்டி இரண்டு நாட்களாகப் பிரித்து நடத்தப்பட்டது. முழு வழியையும் ஒரே நாளில் ஓடச் செய்தல் இயலுமா என்னும் வினா எழுந்தது. இளஞ்சிவப்புத் தாளில் அச்சாகும் 'லா கசெட்டா டெல்லோ ஸ்போர்ட்' என்ற விளையாட்டுப் பத்திரிகையைச் சேர்ந்த துல்லோ மொர்காஞ்ஞி, இயலும் என்றார். 1905இல் லொம்பார்தியா ஓட்டத்தைத் தொடக்கியவரும் அவரே. பத்திரிகை விற்பனையைப் பெருக்கும் நோக்கமும், மனித ஆற்றலின் எல்லையை அறியும் ஆவலும் இம்முயற்சியில் ஒருங்கே கலந்திருந்தன.

1907ஆம் ஆண்டு ஏப்ரில் 14ஆம் நாள் விடியற்காலையில் 33 பேர் மிலானிலிருந்து புறப்பட்டனர். சான் ரெமோவை அடைந்து தரவரிசையில் இடம்பெற்றோர் 14 பேர் மாத்திரமே. அக்காலச் சைக்கிள்களிற் பற்சில்லு மாற்றும் கருவி இல்லை. வீதிகள் தார் காணாதவை. வெயிலில் புழுதியும் மழையில் சேறுமே அவற்றின் இயல்பு. பிரான்சு நாட்டு வீரர் பெத்தி-பிரெத்தோன் 11 மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் வந்து முதலிடம் பெற்றார். மணிக்கு 26 கிலோமீற்றர் அளவான சராசரி வேகம் அது. இவ்வெற்றியில் ஒரு சிறு மாசும் உண்டு. பெத்தி-பிரெத்தோன் சார்ந்த கம்பனிக்கே ஓடிய இத்தாலியரான ஜெர்பி, இறுதிக் கட்டத்தில் கரிகூ என்னும் மற்றொரு பிரெஞ்சு வீரருக்கு இடையூறு விளைவித்தார். அதனால் நடுவர்கள் ஜெர்பியை இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்குத் தாழ்த்தினர்.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1910ஆம் ஆண்டு ஏப்ரில் 3ஆம் நாள் துர்க்கீனோ கணவாயிற் கடும் பனி பொழிந்தது. புறப்பட்ட 63 வீரர்களுட் பெரும்பாலோர் குளிர் தாங்கமாட்டாது வழியோர வீடுகளிற் புகலிடம் தேடினர். யூஜின் கிறிஸ்தோப் என்னும் பிரெஞ்சு வீரர் பனியிற் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலையேறினார். உச்சிக்கருகே அவருடைய விரல்கள் விறைத்து, வயிற்று வலியும் கண்டு, நிற்கவும் வலுவிழந்தார். அருகிலிருந்த சத்திரக்காரர் ஒருவர் அவரை உள்ளே அழைத்துச் சென்று, கம்பளியாற் போர்த்தி, நெருப்பருகே அமர்த்தி, அணிவதற்கு ஒரு நீண்ட காற்சட்டையும் கொடுத்தார். சன்னலுக்கு வெளியே வேறு வீரர்கள் செல்வதைக் கண்ட கிறிஸ்தோப், தடுத்தும் கேளாது மீண்டும் வீதிக்கு வந்தார். முன்னே சென்றவர்களை ஒருவர் பின் ஒருவராகக் கடந்து, 12 மணித்தியாலம் 24 நிமிடத்திற் சான் ரெமோவை அடைந்தார். அடுத்தவர் வருவதற்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கழிந்தது. முடிவில் இடம்பெற்றோர் நால்வரே. வெற்றிக்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. மருத்துவமனையில் ஒரு மாத காலம் கிடந்தார். இழந்த உடல்நலம் முற்றும் மீள ஈராண்டுகள் சென்றன. சத்திரக்காரரின் இரக்கம் இல்லையேல் அவ்வெற்றியும் இல்லை என்பது கருதத்தக்கது.

ஓட்டவழியில் உள்ள நோவி லிகூரே என்னும் ஊர் இரு பெருவீரரோடு தொடர்புடையது. முதல்வர், 1893இல் அங்கே பிறந்த கொஸ்தாந்தே ஜிரார்தெங்கோ. 1918க்கும் 1928க்கும் இடையில் ஆறு முறை அவர் இப்போட்டியில் வென்றார். 1915இலும் முதலாவதாக வந்து சேர்ந்தார். குறித்த வழியிலிருந்து விலகிச் சென்றமையால் அவ்வெற்றி அவருக்கு மறுக்கப்பட்டது. மற்றையவர் பவுஸ்தோ கொப்பி. அருகேயுள்ள கஸ்தெல்லானியா என்னும் சிற்றூரில் 1919இற் பிறந்த அவர், இளமையில் நோவி லிகூரேயில் இறைச்சிக்கடை ஒன்றின் சரக்கைச் சைக்கிளிற் கொண்டுசென்று வீடுகளிற் கொடுத்து வந்தவர்.

இரண்டாவது உலகப் போரின் காரணமாக 1944, 1945 ஆகிய ஆண்டுகளிற் போட்டி நடைபெறவில்லை. கொப்பி போர்வீரராக ஆபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 1943இல் துனீசியாவில் பிரித்தானியரிடம் சிறைப்பட்டு, 1945இல் தாயகம் மீண்டார். 1946ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் மீண்டும் மிலானிலிருந்து ஓட்டம் புறப்பட்டது. தொடக்கத்திலேயே சிலரோடு முன்னேறிய கொப்பி, துர்க்கீனோவில் எஞ்சிய துணைவரையும் பின்தள்ளிவிட்டுத் தனியராகச் சுரங்கவழியினின்று வெளிப்பட்டார். அங்கிருந்து 147 கிலோமீற்றர் தூரம் கடலோரமாகத் தனித்தே ஓடினார். போரிலே நொந்து, வறுமையில் வாடிய மக்கள் வீதியோரம் நின்று அவரைக் கண்டனர். அவர் சான் ரெமோவை அடைந்து 14 நிமிடங்கள் சென்ற பின்னரே இரண்டாமவரான தெசேர் வந்தார். வானொலி அறிவிப்பாளர், முதலிடம் கொப்பிக்கு என்று அறிவித்துவிட்டு, அடுத்தவர் வரும்வரை நேயர்களுக்கு நடன இசை ஒலிபரப்பப்படும் என்று கூறினார் எனச் சொல்லப்படுகிறது. தோல்வியுற்ற நாடொன்று மீண்டும் தலைநிமிர்வதற்கு அந்நாள் ஓர் அறிகுறியாயிற்று.

காலப்போக்கில் வீதிகள் தாரிடப்பட்டன. சைக்கிள்கள் இலேசாயின, பற்சில்லு மாற்றும் கருவியும் வந்தது. துர்க்கீனோவும் மூன்று முனைகளும் முன்போல வீரரைப் பிரிக்கும் வலுவை இழந்தன. பெருங்கூட்டமாகச் செல்வோர் ஒருவர் பின் ஒருவர் ஒதுங்கிக் காற்றின் எதிர்ப்பைக் குறைத்துக்கொள்வர். ஆதலாற் சமநிலத்தில் வலியவன் ஒருவன் தனித்து விலகுதல் அரிது. மேட்டில் வேகம் குறைய, அந்த மறைவின் பயனும் குறைகிறது. அங்கேதான் வலியவனுக்கு வாய்ப்பு. 1954 முதல் வெற்றி பிறநாட்டவர்க்கே தொடர்ந்து செல்ல, போட்டியை நடத்தியோர் இறுதிப் பகுதியில் ஒரு மேட்டைத் தேடினர். அவ்வாறு 1960இற் சேர்க்கப்பட்டதே போஜ்ஜோ. கொப்பி மறைந்ததும் அவ்வாண்டிலேயே. ஆயினும் அந்த முதல் ஆண்டிலேயே வென்றவர் பிரெஞ்சுக்காரரான பிரிவா. ஓர் இத்தாலியர் மீண்டும் வெல்வதற்கு 1970 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு மிக்கேலே தான்செல்லி 70 கிலோமீற்றர் தூரம் தனித்தோடி வெற்றி பெற்றார். அவர் நம்பியது குன்றை அன்று, தூரத்தையே. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1966க்கும் 1976க்கும் இடையில் ஏழு முறை வென்று ஜிரார்தெங்கோவின் சாதனையை விஞ்சினார். 1982இற் சிப்ரெஸ்ஸா என்னும் மற்றொரு மேடும் சேர்க்கப்பட்டது.

2013ஆம் ஆண்டில் துர்க்கீனோவில் மீண்டும் பனி மூடியது. இம்முறை வீரர்கள் ஒவாதாவிற் பேருந்துகளில் ஏற்றப்பட்டு, கணவாயைக் கடந்து, கடற்கரையில் இறக்கப்பட்டு, அங்கிருந்து ஓட்டத்தைத் தொடர்ந்தனர். 1910இல் ஒரு சத்திரக்காரர் தாமாக முன்வந்து செய்த உதவியை 2013இற் போட்டி நடத்துவோரே தம் கடமையாக ஏற்றனர். இதனை வீரம் குன்றியதென இகழ்வது பொருந்தாது. விளையாட்டுக்காக ஒருவர் தம் கைவிரல்களை இழக்க வேண்டியதில்லை என்னும் அறிவு வளர்ந்ததென்றே கொள்ளல் வேண்டும். 2025இற் பெண்களுக்கான ஓட்டம் ஜெனோவாவிலிருந்து சான் ரெமோ வரை நடத்தப்பட்டது.

1907இல் மணிக்கு 26 கிலோமீற்றராயிருந்த சராசரி வேகம் 2024இல் 46 கிலோமீற்றரைத் தாண்டியது. வண்டி மாறியது, வீதி மாறியது, வேகமும் மாறியது. மாறாதது ஒன்றே. பூந்தோட்டங்களும் கண்ணாடிக் குடில்களும் நிறைந்த அச்சிறு குன்று, காலையில் புதிதாகப் புறப்பட்ட ஒருவனுக்கு மேடாகவே தோன்றாது. நெடுவழி வந்தவனுக்கு அதுவே மலை. முன்னே நிற்கும் தடையின் உயரத்தை மட்டும் நோக்கி ஒருவனது ஆற்றலை அளப்பவர், அவன் கடந்துவந்த வழியை மறந்துவிடுகின்றனர். சான் ரெமோவுக்குச் செல்லும் வீதி அவ்வழியை மறக்க விடுவதில்லை.