பி.பி. மாத்திரையின் கதை: வேரிலிருந்து வில்லியனூர் வரை

இரத்த அழுத்தத்திற்கு இன்று உலகமே மாத்திரை சாப்பிடுகிறது. அந்தக் கதையின் தொடக்கத்தில் நம் நாட்டு மூலிகை ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைப்பதாக 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1949இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் மேல்நாடு திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிஸ் நிறுவனமான சிபா அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தது. அப்போது வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன!

மருந்து உயிர் காக்கும் என்று காட்டிய முக்கிய ஆய்வு 1967இல் அமெரிக்காவில் வெளியானது. 143 முன்னாள் படைவீரர்கள். ரிசர்பினோடு இன்னும் இரண்டு மருந்துகள். இதில் ஒரு சுவாரசியமான விஷயம் உண்டு. ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் முன் மாத்திரையில் ரிபோஃபிளேவின் கலந்து கொடுத்து, சிறுநீர் புற ஊதா ஒளியில் ஒளிர்கிறதா என்று பார்த்தார்கள். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களைச் சேர்க்கவே இல்லை.

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்படி யாரையும் ஒதுக்க முடியுமா? அங்கே வருகிறவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மருக்கு, வில்லியனூர் கொம்யூனில் ராமநாதபுரத்தில் ஒரு கிராம சுகாதார மையம் இருக்கிறது. டாக்டராகப் போகிறவர்கள் கிராமத்து வாழ்க்கையைப் பார்த்துப் படிக்கும் இடம் அது.

சொல்ல வேண்டியது ஒன்றிரண்டு அல்ல. தலைசுற்றல் இல்லை என்பதால் அழுத்தம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அட்டெனலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நேற்று மறந்ததற்கு இன்று இரண்டாகப் போடக்கூடாது. அம்லோடிபினால் கால் வீங்கினால் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். நடவு முடிந்து மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரை அழுத்தத்தை ஏற்றிவிடும் (இதைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை). கணவர் மாத்திரையை மனைவி சாப்பிடக்கூடாது. கர்ப்பிணிகளுக்குச் சில பி.பி. மருந்துகள் ஆகவே ஆகாது. கருவாடு, ஊறுகாய் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

2017இல் இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி தொடங்கியது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபின், பாகூரை ஒட்டிய கடலூர் மாவட்டத்திலும் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. ஆனால் மாத்திரைப் பட்டையில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். எது காலை, எது இரவு என்பதைப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு, கொண்டுவந்து கொடுப்பவர்தான் வாசலில் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.