பட்டறை மேசைக்கு விளக்கு: நிழலும் மினுக்கலும் கவனம்

காரைக்குடி பக்கம் தை அறுவடைக்கு முன் அரிவாள் தீட்டுவது, பவர் வீடர் பழுது பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் நம் நிழலே வேலையின் மேல் விழும். நிற்பவரின் தலைக்குச் சற்று முன்னால், மேசையிலிருந்து 3 முதல் 4 அடி உயரத்தில், 4 அடி நீள 20 வாட் எல்.இ.டி. டியூப்பைப் பொருத்துங்கள்.

சாணைச் சக்கரம் இருந்தால் பழைய சோக் டியூப்லைட் வேண்டவே வேண்டாம். அது நொடிக்கு 100 முறை மினுக்கும். சுழலும் சக்கரம் நின்றதுபோலத் தோன்றும், கையை வைத்துவிடுவோம். மலிவான எல்.இ.டி.யிலும் இந்தக் கோளாறு உண்டு. கடையிலேயே எரியவிட்டு செல்போன் கேமராவில் பாருங்கள்; பட்டை பட்டையாகக் கோடு ஓடினால் வாங்காதீர்கள்.

தகரக் கூரை என்றால் ஒயர் பி.வி.சி. பைப்புக்குள்தான் போகவேண்டும். எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.